பல்கீஸின் நம்பரில் பல்கீஸுக்கு இடமில்லை

காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை கட்டி நிற்கிற நேரம். எங்கள் சுகாதார நிலையத்தின் வாட்சப் குழுவில் பல்கீஸின் நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாத்திரை தீர்ந்துபோனதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து, யாரோ படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். குழுவில் எது வந்தாலும் பார்த்தாயிற்று என்று தெரிவிக்க அப்படிச் செய்வது எங்கள் பழக்கம். அதன் கீழே இன்னும் சில கட்டைவிரல்கள். ஊசி போட்டு முடித்துவிட்டு நான் போனை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தது அவள் மருமகள். "மாமி மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கட்டைவிரல்கள் மீது கோபம். எல்லாவற்றையும்விடப் பல்கீஸ் மீது கோபம். ரத்தக் கொதிப்பு ஏறி, மூளையில் ரத்தம் கசிந்து செத்துப்போயிருக்கிறாள். வீடு வீடாகப் போய், கையில் பட்டை கட்டி, அந்தத் தெருவுக்கே கொதிப்பு பார்த்தவள் அவள். இந்தச் சாவு அவளுக்கு வந்திருக்கவே கூடாது. இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை என் மனம் ஆறவில்லை.

மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, நீ, வா, போ என்றுதான் பேச்சு. நான் 'அவர்' என்று எழுதியதைப் படித்தால் "இன்னா சிஸ்டரு, யாரைச் சொல்றே?" என்று கேட்பாள். திருவொற்றியூரில் எங்கள் நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். அவள் சுகாதாரத் தன்னார்வலர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீட்டுக்கே போய்ச் சோதித்து, மாத்திரை கொடுத்து, அந்த விவரத்தைப் போனில் இருக்கும் செயலியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. அவள் குடியிருந்த தெருவும் பக்கத்துத் தெருக்களும் அவள் பொறுப்பு. உங்களில் பலர் அவள் கையால் மாத்திரை வாங்கியவர்கள்தான்.

செயலி வந்த புதிதில் அவளுக்கு விரலால் தட்டி எழுதுவது பெரும் பேஜாராக இருந்தது. பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தோம். அன்றிலிருந்து போனிடம் மட்டும் அவள் டிவியில் செய்தி வாசிப்பவர்போலப் பேச ஆரம்பித்தாள். "நோயாளிக்கு இரத்த அழுத்தம் சற்று அதிகமாக உள்ளது" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். சொல்லி முடித்த அடுத்த நொடி எதிரில் இருப்பவரிடம் திரும்பி, "இன்னாமே, கருவாடு துன்னியா? எவ்ளோ ஏறிக்கீது பாரு!" என்று கத்துவாள். போனுக்கு ஒரு தமிழ், தெருவுக்கு ஒரு தமிழ். அதைக் கேட்பதற்கென்றே எதிர் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

செயலியில் ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைக் கேட்டு ஏற்றினால்தான் பெயர் ஏறும். எங்கள் பகுதியில் பிரச்சினை ஆரம்பித்ததே அங்கேதான். வீட்டுக்கு ஒரு போன் இருந்தால், அதுவும் வெளியே போகும் ஆணின் சட்டைப்பையில் இருக்கும். நோய் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு, எண் போவதோ மீன்பிடிக்கக் கடலுக்குப் போன கணவனுக்கு. செல்வி என்று ஒரு பெண். சர்க்கரையும் கொதிப்பும் இரண்டும் உண்டு. அவள் கணவர் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். பல்கீஸ் அவருக்குப் போன் போட்டு, "தம்பி, ஒரு நம்பர் வந்துகீதா, சொல்லு" என்று கேட்டதும், "யாருகிட்ட ஏமாத்துறே? பேங்குல சொல்லியிருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவே இல்லை.

"அத்த வுடு செல்வி, எந் நம்பர போட்டுக்கறேன்" என்றாள் பல்கீஸ். அப்படித்தான் அது தொடங்கியது. போன் இல்லாதவர்கள், கணவனிடம் கேட்கப் பயந்தவர்கள், போனுக்குக் காசு போடாதவர்கள் என்று ஒவ்வொருவராக அவள் நம்பருக்குக் குடிவந்தார்கள். "இன்னாடி இது, நாளைக்கு நீ போனைத் தொலைச்சா என்ன செய்வ?" என்று நான் சண்டை போட்டேன். "நம்பர் இன்னா சிஸ்டரு, குடுத்தா கரையவா போவுது?" என்று சிரித்தாள். மற்ற தன்னார்வலர்களும் அவளைப் பார்த்து அதையே செய்யத் தொடங்கினார்கள். போகப் போக எங்கள் நிலையத்தில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பெயர்கள் ஏறின, வேலை நடந்தது.

செயலியை நான் குறை சொல்ல மாட்டேன். செல்வி ஒருமுறை மணலி புதுநகரில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அங்கிருந்த சுகாதார நிலையத்தில் அவள் பெயரைப் போட்டதும், இங்கே அவள் எந்த மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது முழுவதும் வந்துவிட்டது. சர்க்கரை இறங்கியிருப்பது புரிந்து உடனே பார்த்தார்கள், பிழைத்தாள். சிகிச்சை முடிந்த தகவல் பல்கீஸின் போனுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நிலையத்துக்கு ஓடிவந்து, "சிஸ்டரு, நம்ப செல்வி தப்பிச்சிக்கினா! இங்க நான் ஏத்தினத அங்க பாத்துகிறாங்க!" என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் போனைக் காட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

யாருக்காவது மாத்திரை தீரும் நாள் வந்தால் செயலி நினைவூட்டுச் செய்தி அனுப்பும். அத்தனை பேருக்கான செய்தியும் இவள் போனில்தான் வந்து விழும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிளம்பிவிடுவாள். வெயில் என்றும் பார்க்க மாட்டாள், ஆலைப் பக்கமிருந்து காற்று கலீஜாக நாறும் நாட்களிலும் நிற்க மாட்டாள். போய் வாங்கிப் போடச் சொல்வதோடு விடுவதும் இல்லை, எதிரிலேயே விழுங்க வைப்பாள். "டப்பால வெச்சினுகீறதுக்கா மாத்திர? வாய்ல போடு, நான் பாக்கணும்" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

பணியாளர்கள் எல்லாருக்கும் சோதனை செய்து செயலியில் ஏற்ற வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்கள். பல்கீஸ் கையில் நான்தான் பட்டை கட்டினேன். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மறுபடி எடுத்தேன், அதேதான். மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரை எழுதி வாங்கி, அவள் பெயரைச் செயலியில் சேர்க்க உட்கார்ந்தேன். அவள் நம்பரைப் போட்டதும், இந்த எண்ணில் இனிமேல் பெயர் சேர்க்க முடியாது என்று வந்தது. ஒரு நம்பரில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு இருந்திருக்கிறது. கடைசி இடத்தையும் அவள் யாருக்கோ கொடுத்து முடித்திருந்தாள்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா சிஸ்டரு, எந் நம்பர்ல எனக்கே எடமில்ல!" நானும் சிரித்தேன், சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். மகன் ரஃபீக்கின் நம்பரைக் கொடு என்றேன். அவன் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. "ஐயோ, வேணாம் சிஸ்டரு. அவனுக்கு மெசேஜ் போச்சுன்னா, வேலைய வுட்டுட்டு வூட்ல குந்துன்னுவான். அவங்க வாப்பா போனதும் கொதிப்புலதான். என்னிய வெளிய அனுப்பவே மாட்டான்." வேலையை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். "வேற சிம்மு ஒண்ணு வாங்கினு வந்து ஏத்திக்கறேன்" என்றாள். ரம்ஜான் கழியட்டும் என்றாள், மழை விடட்டும் என்றாள். கேட்கும்போதெல்லாம் திட்டினேன், திட்டும்போதெல்லாம் அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா என்று யாருக்கும் தெரியாது. பெயர் ஏறாததால் அவளுக்கு நினைவூட்டும் செய்தி கிடையாது. செய்தி இல்லாவிட்டால் போகட்டும், தன்னார்வலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தெருவுக்குத் தன்னார்வலரே அவள்தான். வீட்டுக்குப் பக்கமாக இருந்தால் பெண்களுக்குச் சௌகரியம் என்று எல்லாருக்கும் அவரவர் தெருவையே கொடுத்திருந்தோம். நல்லதை நினைத்துத்தான் செய்தோம். ஊருக்கெல்லாம் ஆள் போயிற்று, அவள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகும் நான் பல்கீஸ் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கத்தில் செல்வி சுவரோடு ஒட்டி அழுதுகொண்டிருந்தாள். ரஃபீக் அம்மாவின் போனோடு என்னிடம் வந்தான். காலையிலிருந்து ஓயாமல் செய்தி வந்துகொண்டே இருக்கிறது, என்னவென்று புரியவில்லை என்றான். வாங்கிப் பார்த்தேன். இன்னாருக்கு மாத்திரை தீர்கிறது, இன்னார் சர்க்கரை பார்க்க வேண்டும். இதெல்லாம் யார் என்று கேட்டான். உங்கள் தெரு ஆட்கள்தான், உன் அம்மா பார்த்துக்கொண்டவர்கள் என்றேன்.

அவன் செயலியைத் திறந்து பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மா பேரு எங்க சிஸ்டர்?" என்று கேட்டான்.

"இல்லப்பா."

"இல்லேன்னா? அம்மாவுக்கு ஒண்ணுமில்லேன்னு அர்த்தமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குச் சேதி போய்விடும் என்று அவள் பயந்ததையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "வேலைய வுடச் சொல்லியிருப்பேன்தான் சிஸ்டர். அது கேக்காது, சண்ட போட்டிருக்கும். ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கும். ஆனா உயிரோட இருந்திருக்குமே" என்றான். பிறகு, "ஊருக்கெல்லாம் எங்கம்மா போச்சு. எங்கம்மாவுக்கு யாரு சிஸ்டர் வந்தா?" என்று கேட்டுவிட்டு, வாய்விட்டு அழுதான்.

பல்கீஸிடமிருந்து எனக்குத் தங்கியிருப்பது அவள் மகன் கேட்ட இந்தக் கேள்விதான். அவள் சிரிப்பை நினைத்துப் பார்க்கலாம் என்றால்கூட, நடுவில் இது வந்து நிற்கிறது. மறுவாரம் நிலையத்தில் எல்லாரும் உட்கார்ந்து தெருக்களை மாற்றிப் போட்டோம். இனி எந்தத் தன்னார்வலரின் வீடும் அவரவர் பொறுப்பில் இருக்காது, இன்னொருத்தி பொறுப்பில்தான் இருக்கும். செயலியில் யாரைச் சேர்ப்பதற்கு முன்பும் தன்னார்வலரின் பெயர் முதலில் ஏற வேண்டும். போன் இல்லாதவர்களின் நம்பருக்கு என்ன செய்வது என்று மேலே கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. பல்கீஸின் தெரு இப்போது பக்கத்துத் தெருப் பெண்ணிடம் இருக்கிறது. பட்டையையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அவள் முதலில் போவது உன் வீட்டுக்குத்தான், பல்கீஸ். கதவைத் தட்ட ஆள் வந்துவிட்டது. கையை நீட்டத்தான் நீ இல்லை.