குடுக்கை சுட்ட சரக்கு

தொழிற்சாலையில் உலை பார்க்கிறவருக்குக் குடுக்கை என்று பெயர். முழுப்பெயர் அவசரக்குடுக்கை, கூப்பிட நீளமாக இருக்கிறதென்று முன்பாதியை விட்டுவிட்டார்கள். ஒருமுறை சூடு ஆறுமுன் உலைக் கதவைத் திறந்து, உள்ளிருந்த அத்தனையையும் வெடிக்க வைத்ததற்குக் கிடைத்த பட்டம். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பட்டம்தான். லிப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் நாலு மாடி ஏறிவிடுகிற ஆள்.

அங்கே சுடுவது கால்சியம் பாஸ்பேட் துண்டுகள். எலும்பில் இருப்பதும் ஏறக்குறைய அதே சரக்குதான். அந்த மாவில் எரிந்துபோகிற தூளைக் கலந்து அச்சில் அழுத்திச் சுட்டால், தூள் எரிந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். எலும்பில் பள்ளம் விழுந்த இடத்தை டாக்டர்கள் அதைக்கொண்டு நிரப்புவார்கள். அதற்குமேல் குடுக்கைக்குத் தெரியாது. விரிசல் விடாமல் உலையை விட்டு வந்தால் அவர் வேலை முடிந்தது.

அவருடைய அக்கா மாடிப்படியில் விழுந்ததில் காலெலும்பு நொறுங்கியது. உலோகத் தகடும் திருகாணியும் வைத்துப் பார்த்தார்கள், சேரவில்லை. கெட்ட எலும்பை எடுத்துவிட்டு, தம்பி சுட்ட துண்டுகளையே அங்கே நிரப்பினார்கள். இதுவும் கைகொடுக்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர், அக்காவின் கணவரான மாமாவிடம் சொன்னார், மாமா இவரிடம் சொன்னார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குடுக்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடுவார். மாமா வந்து கதவைத் திறப்பதற்குள் அழைப்புமணியை ஒரு வழி பண்ணிவிடுவார். காலைப் பார்ப்பார், வலிக்கிறதா என்பார், பாதித் தேநீரோடு எழுந்துவிடுவார்.

முதல் எக்ஸ்ரேயில் துண்டுகள் வெள்ளை வெளேரென்று விளிம்பு மழுங்காமல் தெரிந்தன. நம் சரக்கென்றால் சும்மாவா என்று நெஞ்சை நிமிர்த்தினார். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் அவை ஈரத்தில் வைத்த கற்கண்டுபோல மங்கிக் கிடந்தன. இந்தச் சரக்கையும் கதவைச் சீக்கிரம் திறந்து கெடுத்துவிட்டோமா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வரிசையில் இருந்தவர்கள் திட்டத் திட்ட டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

“டாக்டர், என் சரக்கு கரையுது. நான்தான் சரியா சுடலை போல. அதுக்காக அக்கா காலை எடுத்துடாதீங்க.”

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “கரையத்தான் வேணும். கரையற இடத்துலதான் எலும்பு வரும். இதோ, வந்துகிட்டிருக்கு பாருங்க. அப்படியே கிடந்திருந்தாதான் நான் பயந்திருப்பேன்.”

குடுக்கை வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதார்.

ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் அனுமதித்த அன்று மாலையும் வழக்கம்போல மணியை அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடிக்கக் கை போனபோது உள்ளே கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு, பக்கத்தில் வந்தது. கதவு திறந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே மாமா, பிடிப்பதற்குக் கையை நீட்டியபடி.

“என்னக்கா அவசரம்? மாமா திறக்க மாட்டாரா?”

“உன்னை எவ்வளவு நேரம் வாசல்ல நிக்க வைக்கிறது? நீதான் ஒரு நிமிஷம் நிக்கமாட்டியே.”

அக்கா ஒதுங்கி வழிவிட்டார். குடுக்கை உள்ளே போகாமல், ஊன்றியிருந்த அந்தக் காலைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.