நாற்பத்தொன்றாம் அட்டை

அந்த அட்டையை நான்தான் திருடினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை இழுத்து வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அப்போது எனக்குப் பத்து வயது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்தப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கிரிக்கெட் அட்டைகள். அவர் சிறுவனாக இருந்தபோது பபிள்கம்மோடு சேர்ந்து வந்தவை. முன்பக்கம் ஆட்டக்காரர் படம். பின்பக்கம் அவர் எடுத்த ரன், விக்கெட். மூலையில் ஒரு எண். நான் பிறப்பதற்கு முன்பே அந்தப் பபிள்கம் கடைகளில் வருவது நின்றுவிட்டது. டப்பாவைத் திறந்தால் இனிப்பு வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தெருப் பையன்கள் மல்யுத்தக்காரர் படம் போட்ட புது அட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது விளையாடுவதற்கு இல்லை. கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொடுவேன்.

மொத்தம் அறுபது அட்டை. சித்தப்பாவிடம் ஐம்பத்தொன்பது இருந்தன. நாற்பத்தொன்று மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பாவிடம் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடச் சொல்வார்.

"என்ன பாப்பா, நாப்பத்தொண்ணு கெடச்சுதா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

அப்பா பண்ணை வீட்டு நிலத்தில் முன்பு கூலிக்குப் போனவர். அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அது இரண்டாவது வருடம். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். பண்ணை வீட்டுக்காரர் தஞ்சாவூரில் குடியிருந்தார். வருடா வருடம் குறுவைக்கு முன்னால் வந்து, இந்த வருடமும் நீயே செய் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அப்பாவுக்குப் பழையபடி கூலிதான். அவர் அப்பாவைவிட வயதில் சின்னவர். அப்பா அவரை ஐயா என்பார். அவர் அப்பாவை நீ என்பார். இது ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை. எல்லார் கையிலும் செல்ஃபோன் வந்துவிட்ட காலம்.

அந்த வருடம் அவரோடு அவர் மகனும் வந்தான். என் வயதுதான். அவர்கள் வந்தால் வீட்டைக் கூட்டித் துடைக்க அம்மா போவாள். நானும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவனிடம் அவன் அப்பாவின் பழைய கிரிக்கெட் அட்டை ஆல்பம் இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

ஆல்பத்தில் அறுபதும் இருந்தன. நாற்பத்தொன்றும் இருந்தது. தொப்பி இல்லாத ஓர் இடதுகை ஆட்டக்காரர், கேட்ச் பிடிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பதிலாக என்னுடையதில் ஐந்து தருகிறேன் என்றேன். பிறகு பத்து என்றேன். அவன் என் டப்பாவைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதெல்லாம் எங்கப்பாவோடது. ரெட்டை வந்தா தூக்கிப் போட்டுடுவாராம். மாட்டுக்கொட்டாய்ல வேலை பார்த்த பையன் பொறுக்கி வச்சுக்குவானாம்."

"அது எங்க சித்தப்பா."

"அதான் சொல்றேன். நாப்பத்தொண்ணு எங்கப்பாவுக்கு ரெட்டையே வரலை. அதான் உங்கிட்ட இல்லை."

சித்தப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை பபிள்கம் மென்றிருப்பார், வாய் வலித்திருக்குமே என்றுகூட யோசித்திருக்கிறேன். அவர் ஒன்றுகூட மென்றிருக்க மாட்டார்.

அந்தப் பையன் பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவன் சொன்னது உண்மை. அவன் பால் குடிக்க உள்ளே போனதும் நாற்பத்தொன்றை உருவி என் டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

சாயந்திரமே பண்ணை வீட்டு ஆள் வந்துவிட்டார். அட்டை ஒன்றைக் காணோமாம், பாப்பா பார்த்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். காலையில் ஐயாவே வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் ஒளித்து வைக்க இடம் ஏது? ஒரு அறை, ஒரு பெட்டி, நாலு பானை. மூலையில் விதைநெல் மூட்டை நின்றது. சோற்றுக்கு அரிசி இல்லாத நாளிலும் விதைநெல்லில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கட்டை அவிழ்த்து, டப்பாவை முழங்கை ஆழத்துக்கு உள்ளே தள்ளி, மறுபடி கட்டிவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது மூலை காலியாக இருந்தது.

வெளியே ஓடினேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா விதையை ஊறப்போடத் தயாராகிவிட்டார். ஒரே மூட்டையாக இருந்தது வாசலில் இரண்டு பாதி மூட்டைகளாக நின்றது. ஊறினால் நெல் உப்பும், அதற்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாக்கு கிழிந்துவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எந்தப் பாதியில் டப்பா இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கலாம் என்று போவதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

பண்ணை வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். பின்னால் பையன். வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வந்ததே கிடையாது. வேலிப் பக்கம் நின்றுகொண்டே பேசினார்.

"சின்னப் புள்ள ஆசைப்பட்டு எடுத்திருக்கும். குடுத்துட்டா ஒண்ணும் இல்லை. எடுத்துட்டு இல்லைன்னு சொன்னா, அப்புறம் நிலத்தை எப்படி நம்பி விடறது?"

அப்பா துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். "எம்பொண்ணு எடுக்க மாட்டாங்க ஐயா. வேணும்னா எல்லாத்தையும் பாத்துக்கங்க."

அம்மா உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். பெட்டி, பாய், என் பள்ளிக்கூடப் பை. அவளுடைய புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினாள். அவளுடைய உள்பாவாடையையும் உதறினாள். பண்ணை வீட்டுக்காரர் அப்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. நிலத்தைப் பற்றி அவர் சொன்னது நினைவுக்கு வந்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்தது. பையன் மட்டும் விடவில்லை.

"அந்த மூட்டை?"

"வெதநெல்லு தம்பி," என்றார் அப்பா. "அதுல யாரு கைய விடுவா? ஐயாவுக்குத் தெரியாததா."

பண்ணை வீட்டுக்காரர் மூட்டைகளையே பார்த்தார். அவிழ்க்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா காத்திருக்கவில்லை. "நேரமாவுதுங்க, வெயிலுக்கு முன்ன ஊறப் போடணும்," என்று சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். தூக்கும்போது டப்பா சரிந்து ஒரு சத்தம் வந்தால் போதும், எல்லாம் முடிந்தது. சத்தம் வரவில்லை. அப்பாவின் ஒரு கை மூட்டையை அடியில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தது. வாய்க்கால் பத்தடிதான். அவர்கள் இருவரும் பார்க்க, இறங்கி, மூட்டையைத் தண்ணீரில் அமுக்கி, காலால் மிதித்தார். குமிழி வந்தது. பெரிய குமிழிகளாக வந்துகொண்டே இருந்தது. பிறகு அடுத்த மூட்டையையும் போட்டார்.

பண்ணை வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். "எங்கயாவது வீட்டுலயே கெடக்கும். தேடிப் பாரு," என்று மகனிடம் சொன்னார். வண்டியில் ஏறிய பிறகு அப்பாவைப் பார்த்து, "சரி, இந்த வருஷமும் நீயே பாரு," என்றார். அவர்கள் போன பிறகு அம்மா புடவைகளை மடிக்க வெகுநேரம் ஆனது.

எனக்கு நிலம் தப்பியது பெரிதாகத் தெரியவில்லை. என் அட்டைகள் தண்ணீருக்குள் கிடந்தன. ஒரு நாள் முழுக்க வாய்க்கால் கரையிலேயே சுற்றினேன். மறுநாள் மூட்டைகளைத் தூக்கி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் வைத்தார் அப்பா. அதற்கடுத்த நாள் நாற்றங்காலில் விதைக்கப் பிரித்துக் கொட்டினார். முளைவிட்ட நெல்லோடு டப்பாவும் விழுந்தது. வெள்ளை வேர்கள் மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் அடிக்குத் தயாராக நின்றேன். அப்பா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டப்பா ஒண்ணு கெடக்கு பாரு. எடுத்துட்டுப் போ," என்று சொல்லிவிட்டுக் கூடையில் விதையை அள்ளிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

அறுபது அட்டையும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. நாற்பத்தொன்று எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பாவை எனக்கு ரொம்ப நாள் பிடிக்காமல் போனது. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஆள், விதைக்குள் டப்பா எப்படி வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றாத ஆள், தன்னைவிடச் சின்ன வயதுக்காரன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் என்று நினைத்தேன். ஒரு தடவை சண்டையில் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கோழை என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பிட்டு முடித்தார்.

அவர் இப்போது இல்லை. நிலத்தை நான்தான் பார்க்கிறேன். போன குறுவைக்கு விதை மூட்டையைப் பிரித்து, ஊறப்போட இரண்டாக்கிக் கொட்டிக்கொண்டிருந்தேன். விதை டிப்போவில் சாக்கின் வாயில் வைத்துத் தைத்த நீலச் சான்று அட்டை நெல்லோடு சரிந்து வந்து என் காலில் விழுந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு அட்டை. அதுவே கண்ணில் படாமல் போகவில்லை.

நான் அப்படியே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிஸ்கட் டப்பா அன்றைக்குக் காலையில், அவர்கள் வருவதற்கு முன்பே, அப்பாவின் காலில் விழுந்திருக்கிறது. திறந்து பார்த்திருப்பார். எது தன் தம்பியுடையது, எது பண்ணை வீட்டுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மூடி, பாதி மூட்டைக்குள் வைத்து, மேலே நெல்லைக் கொட்டிக் கட்டியிருக்கிறார். அதன் பிறகுதான் வாசலில் நின்று, எம்பொண்ணு எடுக்க மாட்டாங்க ஐயா என்று சொன்னார்.

அன்று விதைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஃபோன் செய்தபோது அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்ப் பேசினார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. பிறகு என்னிடம் கொடுத்தார். நன்றாகப் படிக்கிறாயா, என்ன வாங்கி வரட்டும் என்றெல்லாம் சித்தப்பா கேட்டார். நாற்பத்தொன்றைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. மறந்துவிட்டார், தப்பித்தோம் என்று நினைத்து, ஃபோனை வைத்ததும் விளையாட ஓடிவிட்டேன்.