ஈயத்தைக் கைவிட்டவர்

"இந்தக் கையில இதைப் பிடி. அந்தக் கையில அதைப் பிடி. இப்ப சொல்லு, எது பேட்டரி?"

உணவுக் கடையில் காபி ஊற்ற வந்த பெண்ணின் ஒரு கையில் தன் மோட்டார் சைக்கிளின் பழைய ஈய பேட்டரியையும் மறு கையில் புது லித்தியம் பேட்டரியையும் வைத்துவிட்டு, வெர்ன் ஹால்வர்சன் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். காபி ஆறுகிறது. முட்டைக்குக் காத்திருக்கும் நாங்களும் ஆறிப்போகிறோம். இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் துலூத் ஊரில் அவர் கண்ணில் பட்ட எவரும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. அவருடைய பல் மருத்துவர்கூடத் தூக்கிப் பார்த்தார்.

வீடுகளில் தரைவிரிப்பு பதிப்பது அவர் பிழைப்பு. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த பேட்டரி வந்த பிறகு விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, வீட்டுக்காரரை உட்காரவைத்து மோட்டார் சைக்கிளின் எடையைப் பற்றி வகுப்பெடுக்கிறார். மூன்று கிலோ குறைந்துவிட்டதாம். வண்டி "மான் மாதிரி துள்ளுது" என்கிறார். அந்த மானின் இரு பக்கப் பைகளிலும் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மூட்டை ஸ்பேனர், நாலைந்து டின் பீன்ஸ். கேட்டால், "அது சாமான்யா, வண்டி இல்ல" என்று எரிந்து விழுகிறார்.

இன்னும் ஈய பேட்டரியிலேயே ஓட்டும் எங்களுக்கு அவர் வைத்த பெயர் ஈயப் பட்டாளம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்லீன் கோஸ்கியின் வண்டியைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"ஆர்லீன், இதைத் தெருவுல நிறுத்தாத. டைனோசர் வந்து மோந்து பாக்கும்."

"வரட்டும்ப்பா. ஸ்டார்ட் பண்றேன், பயந்து ஓடிரும்."

ஏப்ரல் முதல் ஞாயிறு எங்கள் குழுவின் முதல் சவாரி. ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் பாஸ்டர் வண்டிகளை ஆசீர்வதிப்பார். ஜெபம் முடியும்வரை அவரவர் சாவியைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். ஆமென் சொன்னதும் தலைவரின் வண்டி முதலில் உறும வேண்டும். உறுமாவிட்டால் அடுத்து நிற்பவருக்கு வரிசையின் முதல் இடம், வருடம் முழுக்க. பல வருடமாக அது வெர்னுடையது. மனிதருக்கு வேறு பெருமை எதுவும் இல்லை என்பதால், அதை அவர் உயிரைப் போலக் கட்டிக்காத்தார்.

லித்தியத்துக்குக் குளிர் ஆகாது. சாவியைத் திருப்பி, முன்விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால்தான் அது உள்ளே சூடேறி, சோம்பல் முறித்து எழும். எங்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வண்டிகள் ஏரிக்காற்றில் விறைத்துப்போய் நின்றன.

"யோவ், பாஸ்டர் வர்றதுக்குள்ள விளக்கைப் போட்டு வைய்யா" என்று அவர் காதில் சொன்னேன்.

"இந்த ஈயப் பட்டாளத்து முன்னாடியா? வேடிக்கை பாக்கவா? வேற வேலை இருந்தா பாரு."

சாவியை எல்லாரையும்விட உயரமாகப் பிடித்தார். பாஸ்டர் அன்று மிச்சம் வைக்காமல் ஜெபித்தார். ஆமென்.

வெர்ன் பொத்தானை அழுத்தினார். டிக். மறுபடி அழுத்தினார். டிக்.

"பாஸ்டர், இன்னொரு ஆமென் போட்டுப் பாருங்க" என்றது ஒரு குரல்.

அடுத்து நின்ற ஆர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, கையில் கேபிளோடு வந்தார். "ஏம்ப்பா வெர்ன், என்னுதுலருந்து கொஞ்சம் கரண்ட் எடுத்துக்க. நீயே முன்னால போ. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஈயத்துக்கிட்ட வாங்குறதுக்குப் பதிலா நான் நடந்தே போவேன்."

"அப்ப நட" என்று திரும்பிய ஆர்லீன் பொத்தானைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. அவர் முன்னால் போக, வரிசை அவர் பின்னால் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கைதட்டாத குறை.

கடைசி வண்டி என்னுடையது. தெருமுனையில் நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வெர்ன் சீட்டைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஜாக்கெட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, அந்த ஐஸ்கட்டியை வெறும் வயிற்றோடு சேர்த்து வைத்தார். துள்ளி நடுங்கினார், ஆனால் எடுக்கவில்லை. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டார்.