மிஷின் தண்ணியில் வெந்த பருப்பு

ஒரு வாய் தண்ணீர் போதும் எனக்கு. நாக்கில் பட்டதுமே, இது கோம்பைக் கிணறு, இது மார்க்கையன்கோட்டை போர்வெல் என்று சொல்லிவிடுவேன்.

பொய். மோருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரிவதே மோர் வெள்ளையாக இருப்பதால்தான்.

ஆனாலும் போன வாரம், வீட்டுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷின் வாங்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். காரணம் சுயநலம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குக்கர் விசிலடித்து ஓய்ந்தாலும் கூழாங்கல் மாதிரி கிடக்கும். அதனால் குடிக்க, சமைக்க எல்லாம் தெருமுனைக் குழாய்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடம் சுமப்பது யார்? வேறு யார்... நான்தான். வரிசையில் மற்ற எல்லோரும் பெண்கள்.

"ஏண்ணே, இன்னைக்கும் நீங்கதானா? அண்ணி காலுக்கு மருதாணி வச்சிருக்காகளா?"

ஒரு மிஷினை மாட்டிவிட்டால் இந்தக் கேலிக்கும் இடுப்பு வலிக்கும் சேர்த்து விடுதலை. ஆனால் என் மனைவி பேச்சியம்மாள் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"மிஷினு தண்ணியில பருப்பு வேகணும், கொழாத் தண்ணி ருசியும் வரணும். வந்தா வாங்குங்க. வரலேன்னா பேசாம குடத்தத் தூக்குங்க."

சரி என்று இரண்டு கடைக்காரர்களிடம் சொன்னேன் — உங்கள் மிஷின் தண்ணீரில் ஆளுக்கு ஒரு கேன் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை இருவரும் வந்துவிட்டார்கள். ஒருவர் அல்லிநகரத்துப் பெரியவர். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுக்கடை போட்டிருக்கும் தம்பி. வந்ததுமே சண்டை.

"சார், அவரு மிஷினு மீனு வந்தாக்கூட உள்ள விட்டுரும்."

"தம்பி மிஷினு சத்தையெல்லாம் உறிஞ்சி வெளிய தள்ளிரும். மிச்சம் இருக்கறது வெறும் ஈரந்தேன்."

இரண்டு அடுப்பு, இரண்டு குக்கர். காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. பேப்பரால் விசிறிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது போல விசிலுக்குக் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியுமா? இரண்டு கேனிலும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னேன்.

"தம்பி தண்ணி இளநீர். பெரியவர் தண்ணியில லேசா துரு வாசம்."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

குக்கரைத் திறந்தால் இரண்டு பருப்பும் வெண்ணெய். பேச்சி இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தேன் இருக்கு. அசல் நம்ம கொழாத் தண்ணி ருசி."

எனக்குக் கால் தரையில் இல்லை. ஜெயித்துவிட்டேன். இனி குடமாவது, வரிசையாவது? பேச்சி சந்தோஷத்தில் இருவருக்கும் இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றிச் சோறு வைத்தாள். இரண்டாவது வாயிலேயே தம்பி கையை நிறுத்தினான்.

"அக்கா, சாப்பிட்ட வீட்டுல பொய் சொல்ல மனசு வரல. கரண்ட் இல்ல, கடையில மிஷினு ஓடல. உங்க தெருமுனைக் கொழாயிலதேன் பிடிச்சுட்டு வந்தேன்."

பெரியவர் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. தம்பி அவரையும் விடவில்லை.

"எனக்கு முன்னால நின்னு பிடிச்சது இவருதேன்."

"அவசரம்னு சொன்னானேன்னு என் கேன் நிறையுறதுக்குள்ள வழி விட்டேன். இப்பக் காட்டிக் குடுக்குறான் பாருங்க."

பேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "துரு வாசம்?"

நாக்குக்குக் காதும் உண்டு போலிருக்கிறது. தம்பி என்னை 'சார்' என்று கூப்பிட்டிருந்தான். அதுதான், குழாய்த் தண்ணீர் இளநீராகிவிட்டது. கடையில் நாம் எதை வாங்கினாலும் இதே கதைதானே?

"கரண்ட் வரட்டும் பேச்சி... மறுபடி ஒருவாட்டி அவிச்சுப் பாத்துருவோம்" என்றேன்.

"எதுக்கு? கரண்ட் இல்லாம ஓடுற மிஷினு ஒண்ணு வீட்டுலயே இருக்குல்ல. சர்வீஸுக்கு ஆளு வேணாம். சோறு போட்டாப் போதும்."

இரண்டு கடைக்காரர்களும் முதல்முறையாக ஒற்றுமையாகச் சிரித்தார்கள். விடுவேனா? எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். பேச்சியின் முகத்துக்கு நேராக, ஒரு ஆம்பிளையாக, நறுக்கென்று நான் என்ன சொன்னேன் என்றால் —

"ஏங்க, எழுதுனது போதும். கொழாயில தண்ணி வந்துருச்சு. குடம் ரெண்டும் இங்கன இருக்கு பாருங்க."