குழாய்க்குள் ஊற்றிய சிமெண்ட்

இரும்பு வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி என்று முதலில் பேசியவனை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ இரும்பு ஏறுகிறதோ அத்தனைக்குக் கூலி. மூளையைச் செலவழித்து இரும்பைக் குறைத்தால் கூலியும் குறையும். வரதராஜன்பேட்டை ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வெற்றிச்செல்வி, அது தெரிந்தும் குறைத்தே செய்வாள். நான் அவளுக்குப் பெயின்டர்.

பக்கத்து ஊரில் சத்துணவுப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஷெட். கான்ட்ராக்டர் குருமூர்த்தி. கூரையைத் தாங்க, மெல்லிய வெறுங்குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து முப்பதடிச் சட்டங்கள் செய்தாள். ஒன்று அறுபது கிலோ. அவளும் கையாள் அமாவாசையும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப் போனார்கள்.

அதைப் பார்த்த ஊர்க் கமிட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா இது, துணி காயப்போடுற கொடியா? பொம்பள தூக்குற கனத்துல கூரை நிக்குமா?" என்றார் குருமூர்த்தி.

"கூரை முதல்ல தன் கனத்தத் தானே சுமக்கணும் சார். மிச்சம் இருக்குற தெம்புதான் நமக்கு. காத்து தூக்காம இருக்கப் போல்ட் போட்டிருக்கேன், கனம் எதுக்கு?"

ஒரு சட்டத்தை இரண்டு முட்டுகளில் வைத்து, பத்து மூட்டை சிமெண்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள். நூல் பிடித்துப் பார்த்தோம், அரை விரல்கடைகூட இறங்கவில்லை. கமிட்டி ஆட்கள் பஜ்ஜி தின்றபடி பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். கண்ணால் பார்த்தாலும் நம்பாத ஜென்மங்கள்.

அந்த வாரம் மகள் ஆர்த்திக்குக் காய்ச்சல் என்று வெற்றிச்செல்வி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த எங்கள் அரியலூர்ப் பக்கம் எல்லா வியாதிக்கும் சிமெண்ட்தான் மருந்து. குருமூர்த்தி சட்டங்களைப் புளியமரத்தில் சாய்த்து, மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டிலும் சிமெண்ட் கலவையை ஊற்றி, முனைகளை மூடிவிட்டார். அறுபது கிலோ நூற்று நாற்பதானது.

பெயின்ட் அடிக்கப் போன நான், ஒரு மூடியின் ஓரத்தில் ஈரக் கலவை வழிந்திருப்பதைப் பார்த்தேன். குருமூர்த்தியிடம் கேட்டேன்.

"பலத்துக்குய்யா. பேசாம அடி."

எனக்கென்ன என்று அதன் மேலேயே அடித்தேன். வெற்றிச்செல்விக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

திறப்பு விழாத் தேதி குறித்தாயிற்று என்று, அவள் வருவதற்கு முன்பே சட்டங்களை ஏற்றச் சொன்னார் குருமூர்த்தி. மறுமுனையைக் குருமூர்த்தியின் ஆள் ஒருவன் பிடிக்க, அமாவாசை ஒரு முனையைப் பிடித்து ஏணியில் ஏறினான்.

"என்னா சார், இப்புடிக் கனக்குது?"

"ஏன்டா, காலைல சோறு திங்கலையா?" கீழே நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான்காவது படியில் அவன் கை விட்டது. சட்டம் அவன் வலது பாதத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

வெல்டிங் விட்டுப்போச்சு, பொம்பள வேலை என்று ஊரெல்லாம் சொன்னார் குருமூர்த்தி. மறுநாள் வெற்றிச்செல்வி வந்தாள். விழுந்த சட்டத்தின் கீழ்க் குழாயைக் கட்டிங் மெஷினால் இரண்டு இடத்தில் அறுத்துத் தட்டினாள். சாம்பல் நிறச் சிமெண்ட் உருளை ஒன்று உருண்டு குருமூர்த்தியின் காலருகே போய் நின்றது. அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"வெல்டிங்ல ஒரு கீறல் இருந்தா காட்டுங்க. கூரை பாரத்துல இந்தக் குழாய ரெண்டு பக்கமும் இழுக்கும் சார். இழுவைக்குச் சிமெண்ட் என்ன பண்ணும்? வெறும் சுமை."

கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார். "அவ கொஞ்சம் கனமா செஞ்சிருந்தா அவரு ஏன் ஊத்தப் போறாரு?" நாலு பேர் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அமாவாசையைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"வெறுங்குழாயா இருந்திருந்தா நானும் அக்காவுமே ஏத்தியிருப்போம்ல, அண்ணே?"

"ஆமாண்டா."

"முனைக்கெல்லாம் நீங்கதானே பெயின்ட் அடிச்சீங்க? உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை அவன் தலைமாட்டில் வைத்தேன். தெரியலை என்று சொன்னேன்.