சாவியை வாங்காத மாமி

சில வருடங்களுக்கு முன், கர்க்கடக மாதம். அதாவது நம் ஆடி. திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு எட்டாவது மாதம். விடாத மழையில் பகலிலேயே வீடு மங்கிக் கிடக்கும். தூக்கம் எது, விழிப்பு எது என்று தெரியாமல் நாள் முழுக்க மிதந்துகொண்டிருப்பேன்.

அந்த மயக்கத்தில்தான் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் மாடியில் குடியிருந்தார். அவர் மகள் ஊர் திரும்புகிறாளாம். அவளுக்காக நாங்கள் காலி செய்ய வேண்டுமாம். நோட்டீஸ் வந்தால் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் நானும் ஆரியசாலைக் கடையில் வேலை பார்க்கும் என் கணவரும் நினைத்தோம். பிள்ளைத்தாய்ச்சி வீடு மாறக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். போவதற்கு வேறு வீடும் அமையவில்லை. இதற்கிடையில் எங்களுக்கு வரும் தண்ணீரையும் வீட்டுக்காரர் அடைத்துவிட்டார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. சாமான்களைக் கட்டிவிட்டு, அழுதுகொண்டே சாவியோடு மாடியேறினேன்.

வீட்டுக்காரர் இல்லை. அவர் மனைவி, மாமிதான் கதவைத் திறந்தார். சாவியை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயா சாவி தந்தா நீயா எறங்கினதாக்கும். கோர்ட்டு சொல்லாம யாருக்கும் உன்னை எறக்க முடியாது, கேட்டயா? என் பொண்ணுக்கு வீடு வேணும்தான். அதுக்கு இந்த வயத்தோட உன்னை மழைல எறக்கணுமா?"

மறுநாள் விடியற்காலை, எங்கோ அருவி விழுவதுபோல் கேட்டது. கனவென்று சுகமாகப் படுத்திருந்தேன். வாளி வழியும் சத்தத்தில் எழுந்துபோய்ப் பார்த்தால், குழாயில் தண்ணீர்! திறந்துவிட்டது மாமிதான். மேலே வீட்டுக்கார மாமா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மாமி அசரவில்லை.

நாங்கள் போய்க் கேட்ட இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மாவும் மாமி சொன்னதையேதான் சொன்னார். நோட்டீஸ் வெறும் தொடக்கம். வாடகைக் கோர்ட்டில் வழக்குப் போட்டு, எங்கள் பக்கத்தையும் கேட்டு உத்தரவு வந்தால்தான் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரை அடைப்பது தப்பு. அப்படியே வழக்கு நடந்தது. வீட்டுக்காரரின் தேவை உண்மைதான் என்று தீர்ப்பானது. காலி செய்ய எங்களுக்கு அவகாசமும் கிடைத்தது. நாங்கள் கிளம்பிய அன்று என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். மாமி அவளை இறக்கிவிட மனமில்லாமல் வாசல்வரை தூக்கிக்கொண்டே வந்தார்.

அந்த வீடு தன் மகளுக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று தவித்திருக்க வேண்டியவர் அந்தத் தாய். அவரே எனக்காகக் காத்திருந்தார்.