பல் டாக்டருக்குப் புரியாத முதல் துளை

இடது கண்ணை மூடி, நாக்கை ஓரமாக நீட்டி, இரும்புத் துளைக்குள் ஒடிந்து மாட்டிய டேப்பின் பள்ளங்களுக்குள் கருவியின் நான்கு கால்களையும் இறக்கினார் பல் டாக்டர். "வாடா கண்ணு, வலிக்காது," என்றார். அவர் மூச்சைப் பிடித்தால் சுவர்க் கடிகாரமும் நின்று வேடிக்கை பார்க்கும். முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று. துண்டு வந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையின் கனத்தில் ஒரு தோள் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது என்று பட்டறையில் பேச்சு.

இரும்புக் கட்டியில் மரை வெட்டும் டேப் துளைக்குள்ளேயே ஒடிந்தால், பல் பிடுங்குவது போல எடுக்கக் கூப்பிடுவது இவரைத்தான்; பட்டப்பெயரும் அதனால்தான். ஒடியாமலிருக்க யோசனை சொல்வதும் இவர்தான். துளை ஆழம் போதுமா, எண்ணெய் போகிறதா, வெட்டும்போது வரும் இரும்புச் சுருள் உள்ளே தங்குகிறதா என்று பெண் பார்க்க வந்த சம்பந்தி போலக் குடைந்து கேட்பார்.

இந்த வாரம் அவருக்கே தலை சுற்றியது. கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மூன்று நாளில் நான்கு டேப் ஒடிந்தது. வட்டமாகப் போடும் பன்னிரண்டு துளைகளில், நான்கு முறையும் முதல் துளை. துண்டை எடுத்தாலும் மரை நாசம், கட்டி குப்பை. மிச்சம் ஒரே கட்டி. அதுவும் போனால் அவளை மெஷினை விட்டு இறக்கிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

டாக்டர் டிரில்லை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், டேப்பை மாற்றினார். மெஷினுக்குப் பெயர் மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. "ஒண்ணாம் ஓட்டைக்கு நம்ம மேல என்ன கோவம்னே தெரியலையே தங்கச்சி."

கடைசிக் கட்டியில் துளைகள் போட்டு முடிந்ததும், மரை வெட்டுவதற்கு முன் மெஷின் கதவைத் திறந்து, காற்றுக்குழாயால் ஒவ்வொன்றாக ஊதினார். அந்த வேலையை மட்டும் யாரையும் நம்பி விடமாட்டார். பன்னிரண்டாவதையும் ஊதிவிட்டுக் கதவை மூடப்போனபோது அவள் குறுக்கே கை வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கடைசி ஓட்டைய ஊதுனீங்கல்ல, அதுலேர்ந்து வந்த சுருளு பக்கத்துல இருக்கிற ஒண்ணாவதுக்குள்ளதான் குதிச்சுது."

டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் துளையின் அடியில் எஃகுச் சுருள் ஒன்று சொந்த வீடு போலச் சுருண்டு படுத்திருந்தது. "அப்போ அந்த நாலும்..." என்று ஆரம்பித்துத் தன் காற்றுக்குழாயையே பார்த்தார். அவள் காந்தக் குச்சியால் சுருளை எடுத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். பன்னிரண்டு துளையிலும் டேப் வெண்ணெயில் கத்தி போல இறங்கி ஏறியது.

அப்போதுதான் முதலாளி வந்தார். நல்ல கட்டி அவர் கண்ணில் படவில்லை. குப்பைத் தட்டில் கிடந்த நான்கும்தான் பட்டன. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இத்தனையும் யார் செய்த வேலை என்று கேட்டார்.

அவள் தலை குனிந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டர், பாடம் படிக்காமல் வந்த பையனைப் போல, எண்ணெய்க் கையை மெல்ல மேலே தூக்கினார்.